சிங்கப்பூர் வாடகை வீட்டில் காத்தி ரோல்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பரோட்டாவுக்குள் மசாலாக் கோழி வைத்துச் சுருட்டும் காத்தி ரோலுக்கு யூடியூபில் செய்முறைப் பஞ்சமே இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஊர் அடுப்பு, ஊர் மைதா, ஊர்த் தயிர், யாரையும் கேட்கத் தேவையில்லாத சமையலறை ஆகியவற்றை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. சிங்கப்பூரில் வாடகை அறையில் இருப்பவருக்கு இந்த நான்குமே வேறு. இங்கே ரோல் சொதப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் கைப்பக்குவம் அல்ல. கடையில் வேறு பொட்டலத்தை எடுத்திருப்போம், தோசைக்கல் நம் அடுப்புக்குப் பொருந்தியிருக்காது, உள்ளே ஈரம் தங்கியிருக்கும். அந்த மூன்றையும் முன்கூட்டியே சரிசெய்துவிட்டால் மீதி சுலபம்.

இங்கே சொல்லப்போவது கொல்கத்தா பாணி: மடிப்பு மடிப்பான மைதா பரோட்டா, அதன் ஒரு பக்கம் முட்டை, உள்ளே மசாலாக் கோழி, பச்சை வெங்காயம், எலுமிச்சை. அளவு 6 ரோலுக்கு. முந்தைய இரவு கால் மணி நேரம், மறுநாள் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த ஒன்றரை மணியில் பாதி சும்மா காத்திருப்பதுதான். சாமான் செலவு ஏறக்குறைய 13 முதல் 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதாவது ஒரு ரோல் இரண்டரை வெள்ளிக்குள் அடங்கும். முதல் தடவை மட்டும் மசாலாத் தூள்கள், தோசைக்கல், பூரிக்கட்டை என்று இன்னொரு 40 வெள்ளி போகும்.

1. முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

சிரிக்காதீர்கள், இதுதான் முதல் படி. அறை விளம்பரங்களில் சமையல் பற்றி மூன்று விதமாக இருக்கும்: ‘குக்கிங் அலவ்டு’, ‘லைட் குக்கிங்’, ‘நோ குக்கிங்’. சிக்கல் நடுவில் இருப்பதில்தான். பல வீட்டுக்காரர்களுக்கு லைட் குக்கிங் என்றால் மேகி, அவித்த முட்டை, மைக்ரோவேவில் சோறு சூடாக்குவது. எண்ணெய் விட்டுப் பரோட்டா சுட்டு, கடுகெண்ணெயில் கோழி வறுப்பதை அவர்கள் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

ஏஜென்ட் அறையைக் காட்டும்போது “சமைக்கலாம், பிரச்சினை இல்லை” என்று சொல்வார். கையெழுத்துப் போட்ட பிறகு அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வாடகை ஒப்பந்தம் குறைந்தது 6 மாதத்துக்கு இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் பிடிக்காவிட்டால் அடுத்த மாதமே கிளம்பிவிடவும் முடியாது. கையெழுத்துக்கு முன்பே இவற்றைக் கேட்டு, முடிந்தால் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சம் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கி வையுங்கள்:

– எண்ணெய் விட்டு வறுக்கலாமா, வாரத்தில் எத்தனை நாள், எந்த நேரம்?
– வீட்டு அடுப்பைத் தொடலாமா, அல்லது சொந்தமாக மின்னடுப்பு வைத்துக்கொள்ள வேண்டுமா?
– குளிர்பதனப் பெட்டியில் எனக்கு எந்தத் தட்டு?
– இறைச்சி, முட்டை பற்றி வீட்டில் ஏதாவது கட்டுப்பாடு உண்டா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மலாய்க் குடும்பத்தோடு தங்கினால் ஹலால் அல்லாத இறைச்சி எதுவும் அந்தச் சமையலறைக்குள் போகக்கூடாது. சைவக் குடும்பத்தில் முட்டைக்கே இடமிருக்காது. சீனப் பெரியவர்கள் பலருக்கு இறைச்சி ஒரு பிரச்சினையே இல்லை, மசாலா வாசனைதான் பிரச்சினை. “ஆன்ட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம்தான். ஜன்னலைத் திறந்துவைத்து, ஹூடு போட்டுச் சமைப்பேன். முடிந்ததும் அடுப்பைத் துடைத்துவிடுவேன்” என்று நாள், நேரம் குறிப்பிட்டுக் கேட்டால் ஒத்துக்கொள்பவர்கள் அதிகம். முதல் ரோலை அவருக்கே கொடுங்கள். ஒப்பந்தத்தில் இல்லாத பல சலுகைகள் அப்படித்தான் கிடைக்கின்றன.

இன்னொன்று. 2018 ஜூனிலிருந்து புதிய வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். கடுகெண்ணெய் புகையும் நேரத்தில் அது அலறினால் பதற வேண்டாம், அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தால் போதும். அது கத்துகிறதே என்று மின்கலத்தைக் கழற்றி வைப்பது மட்டும் வேண்டாம்.

2. அடுப்பு எது என்று பார்த்துவிட்டுக் கல் வாங்குங்கள்

ஊரிலிருந்து தோசைக்கல்லைப் பெட்டியில் சுமந்துவந்து, இங்கே அதைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். காரணம் இண்டக்‌ஷன் அடுப்பு. அலுமினியக் கல் அதில் சூடேறாது. இரும்புக் கல்லானாலும் நடுவில் குழிந்திருந்தால் அடுப்போடு சரியாக ஒட்டாது. காந்தத்தை அடியில் வைத்துப் பாருங்கள்: ஒட்ட வேண்டும், அடிப்பகுதி தட்டையாகவும் இருக்க வேண்டும். 26 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டையான வார்ப்பிரும்புக் கல் இருந்தால் இதற்கும் ஆகும், எரிவாயு அடுப்புக்கும் ஆகும்.

மேசை மேல் வைக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு பொதுவாக 2,000 வாட் வரை இழுக்கும். இங்குள்ள சுவர்ச் செருகி 13 ஆம்பியர், 230 வோல்ட், அதாவது கிட்டத்தட்ட 3,000 வாட் தாங்கும். ஒரே நீட்டிப்புப் பலகையில் அடுப்பையும் தண்ணீர்க் கெட்டிலையும் செருகினால் அளவு மீறிவிடும். அடுப்பை நேராகச் சுவரில் செருகுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியின் உருண்டை முள் செருகி இங்கே பொருந்தாது, அடாப்டர் வாங்க வேண்டும்.

எரிவாயு அடுப்பு உள்ள வீடு என்றால் நல்லது, பரோட்டாவுக்கு அதுதான் சிறப்பு. ஆனால் ஊர் அடுப்பைக் கொண்டுவந்து மாட்டும் யோசனை வேண்டாம். பல வீடுகளுக்கு வருவது குழாய்வழி நகர எரிவாயு. அது சிலிண்டர் எரிவாயுவிலிருந்து வேறு, அதற்கான அடுப்பின் அமைப்பும் வேறு.

ஸ்டீம்போட்டுக்கு (மேசையிலேயே சூப் கொதிக்கவைத்துச் சாப்பிடும் விருந்து) பயன்படுத்தும், சிறு எரிவாயுக் குப்பி செருகும் அடுப்பு விலை மலிவு என்பதால் பலர் அதை வாங்கிவிடுகிறார்கள். பரோட்டாக் கல்லுக்கு அது ஆபத்து. அகலமான கல், பக்கத்தில் இருக்கும் குப்பியின் மேலும் நீண்டு நிற்கும். கீழே திரும்பும் வெப்பத்தில் குப்பி சூடேறி வெடிக்கக்கூடும். அந்த அடுப்பில் சிறு பாத்திரம்தான் வைக்க வேண்டும்.

3. மாவுப் பொட்டலத்தின் முன்பக்கத்தைப் படியுங்கள்

பேரங்காடியில் மைதா என்று கேட்டால் ஊழியர் விழிப்பார். தட்டில் இருக்கும் பொட்டலங்கள் எல்லாம் வெள்ளையாக, ஒரே மாதிரி இருக்கும். அவற்றின் வித்தியாசம் இதுதான்:

‘பிளெய்ன் ஃபிளவர்’ அல்லது ‘ஆல் பர்ப்பஸ்’ என்று போட்டிருப்பதுதான் நமக்கு வேண்டிய மைதா. பிரிமா போன்ற உள்ளூர்த் தயாரிப்பே போதும். ஒரு கிலோ இரண்டு வெள்ளியை ஒட்டி இருக்கும்.

‘செல்ஃப் ரெய்சிங்’ என்று இருந்தால் தொடவே வேண்டாம். அதில் பேக்கிங் பவுடர் கலந்திருக்கும். பரோட்டா தடித்து உப்பி, ரோல் சுருட்டும்போது விரிசல் விடும். புதிதாக வந்தவர்கள் அதிகம் ஏமாறுவது இந்தப் பொட்டலத்தில்தான்.

‘டாப் ஃபிளவர்’, ‘கேக் ஃபிளவர்’, ‘ஹாங்காங் ஃபிளவர்’ எல்லாம் புரதம் குறைந்தவை. பாவ் (ஆவியில் வேகவைக்கும் சீன பன்), கேக்குக்கு அருமை. பரோட்டாவுக்கு இழுவை வராது, தேய்க்கும்போதே கிழியும்.

‘பிரெட் ஃபிளவர்’ புரதம் கூடியது. தனியாகப் போட்டால் ரப்பர் மாதிரி பின்னால் இழுக்கும். பிளெய்ன் மாவில் கால் பங்கு இதைக் கலந்தால் நன்றாக இருக்கும், கட்டாயமில்லை.

கோதுமை மாவுதான் வேண்டும் என்பவர்கள் ஆட்டாவும் மைதாவும் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்க ஆட்டா என்றால் அது சப்பாத்தி ரோல். சாப்பிட நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆறினால் மடிப்பில் உடையும்.

மாவைப் பிரித்ததும் காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள். இங்குள்ள ஈரக் காற்றில் திறந்த பொட்டலம் சீக்கிரம் கட்டி தட்டும், வண்டும் வரும்.

4. மற்ற சாமான்கள்: எங்கே வாங்குவது, எதில் ஏமாறுவோம்

எல்லாவற்றையும் ஒரே நடையில் முடிக்க லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காதான் வழி. தேக்கா நிலையத்தின் ஈரச்சந்தையில் கோழி, புதினா, கொத்தமல்லி, எலுமிச்சை எல்லாம் கிடைக்கும். மசாலாத் தூளுக்கும் கசூரி மேத்திக்கும் (காய்ந்த வெந்தயக்கீரை) கடுகெண்ணெய்க்கும் சிராங்கூன் சாலைக் கடைகளும் முஸ்தஃபா பேரங்காடியும் இருக்கின்றன. ஈரச்சந்தைக்குக் காலையில் போங்கள். திங்கட்கிழமை தவிர்ப்பது நல்லது, பல கடைகள் மூடியிருக்கும். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் கூட்டம் அலைமோதும், சாமான் பையோடு நடப்பது சிரமம். பெரிய பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குவார்கள். கையில் ஒரு பை கொண்டுபோங்கள்.

6 ரோலுக்கு வேண்டியவை: எலும்பில்லாத கோழித்தொடை 500 கிராம், முட்டை 6, கெட்டித் தயிர் 100 கிராம், பெரிய வெங்காயம் 3, எலுமிச்சை 3, புதினா, கொத்தமல்லி ஒவ்வொரு கட்டு, பச்சை மிளகாய், இஞ்சி பூண்டு விழுது, காஷ்மீரி மிளகாய்த்தூள், கரம் மசாலா, சீரகத்தூள், சாட் மசாலா, எண்ணெய்.

கோழியில் நெஞ்சுப் பகுதி வேண்டாம், வறண்டுவிடும். உறைந்த தொடை 500 கிராம் ஐந்தாறு வெள்ளிக்குக் கிடைக்கும். உறையாத கோழி கொஞ்சம் கூடுதல். உறைந்ததை வாங்கினால் முதல் நாளே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள், மேசை மேல் வைத்து அல்ல.

தயிர் வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிச் சர்க்கரை அளவைப் பாருங்கள். இங்கே விற்கும் யோகர்ட்டுகளில் இனிப்புச் சேர்த்தவை நிறைய, வெள்ளையாக இருப்பதால் நம்பி எடுத்துவிடுவோம். இனிப்புத் தயிரில் ஊறிய கோழி கல்லில் போட்டதும் கருகும், உள்ளே வெந்திருக்காது. இனிப்பில்லாத கிரேக்க யோகர்ட் நல்ல கெட்டியாக இருக்கும், வடிகட்டும் வேலை மிச்சம்.

சிவப்பாகச் சிறிதாக இருக்கும் சில்லி பாடியைப் பச்சை மிளகாய்க்குப் பதிலாக அதே எண்ணிக்கையில் போடாதீர்கள். காரம் பல மடங்கு. நான்கு மிளகாய் கேட்கும் சட்னிக்கு அதில் ஒன்று போதும். எலுமிச்சைக்குப் பதில் இங்கே மலிவாகக் கிடைக்கும் சின்ன லீமாவ் கஸ்தூரி தாராளமாகப் பிழியலாம். அந்த வாசனை ரோலுக்குப் பொருந்துகிறது என்பது என் கட்சி. கொல்கத்தாக்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. கசகசா சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் சட்டத்தோடு தொடர்புடையது என்பதால் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் பார்வையில் வருகிறது. கடைகளில் கிடைக்காது, ஊரிலிருந்து கொண்டுவரவும் கூடாது. வீட்டில் அரைக்கும் மசாலாத் தூளில் கசகசா சேர்க்கும் பழக்கம் இருந்தால், “அம்மா, எனக்குக் கொடுத்தனுப்புறதுல மட்டும் அது வேண்டாம்மா” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கெட்டித்தன்மைக்கு முந்திரி அரைத்துச் சேர்த்தால் போதும். ஊரிலிருந்து கபாப், கோழி வறுவல் கட்டிக்கொண்டு வருவதும் வேண்டாம். இறைச்சியும் முட்டையும் சிங்கப்பூர் உணவு அமைப்பு அனுமதித்த நாடுகளிலிருந்து மட்டுமே உள்ளே வரலாம்.

பன்னீர் விலை கேட்டால் மனசு வலிக்கும். சைவ ரோலுக்கு ‘தாவ் குவா’ என்ற கெட்டி டோஃபு எந்தச் சந்தையிலும் மலிவாகக் கிடைக்கிறது. துணியில் சுற்றி மேலே ஒரு கனமான பாத்திரத்தை 20 நிமிடம் வைத்துத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, அதே மசாலாவில் புரட்டி வறுங்கள். பன்னீர் என்று நினைத்துச் சாப்பிடுபவர்கள் உண்டு.

5. முந்தைய இரவு: கோழியை ஊறப்போடுங்கள்

தொடையை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, காகிதத்தால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். குழாயடியில் கோழியைக் கழுவினால் தண்ணீர் தெறித்துப் பொதுச் சமையலறை முழுக்க அசுத்தமாகும், அதனால் கழுவ வேண்டாம். தயிர், ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள், கரம் மசாலா, சீரகத்தூள் ஒவ்வொரு தேக்கரண்டி, ஒரு தேக்கரண்டி உப்பு, கையில் கசக்கிய கசூரி மேத்தி, ஒரு மேசைக்கரண்டி கடுகெண்ணெய். அவ்வளவுதான்.

எலுமிச்சைச் சாற்றை இப்போது விடாதீர்கள். இரவு முழுக்கப் புளிப்பில் கிடந்தால் கோழி மாவாகிவிடும். சுடும்போது பிழிந்துகொள்ளலாம். டப்பாவை இறுக மூடி, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். வீட்டுக்காரரின் கேக்குக்குப் பக்கத்தில் பூண்டு வாசனையோடு திறந்த கிண்ணம் இருந்தால் மறுநாள் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

6. மாவு: பொறுமையாகச் செய்ய வேண்டிய ஒரே படி

300 கிராம் மாவு, முக்கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். எண்ணெயை முதலில் மாவோடு நன்றாகத் தேய்த்துவிடுங்கள். பிறகு தண்ணீர். ஊர்ச் செய்முறைகள் சொல்லும் அளவை அப்படியே ஊற்ற வேண்டாம். இங்குள்ள மாவு காற்றிலிருந்தே கொஞ்சம் ஈரம் இழுத்திருக்கும். முதலில் 150 மில்லி விட்டுப் பிசைந்து பாருங்கள். உதிரியாக இருந்தால் ஒவ்வொரு கரண்டியாக, அதிகம் போனால் இன்னொரு 20 மில்லி. 8 நிமிடமாவது பிசைய வேண்டும். விரலால் அழுத்தினால் மெதுவாக எழும்பி வருவதுதான் பதம்.

ஈரத்துணி போட்டு மூடி 30 நிமிடம் விடுங்கள். குளிர்சாதனம் ஓடும் அறையில் வைத்தால் மேலே தோல் கட்டும். சமையலறையிலேயே இருக்கட்டும்.

அப்புறம் 6 உருண்டை, ஒவ்வொன்றும் சுமார் 80 கிராம். ஒவ்வொன்றையும் முடிந்தவரை மெல்லிசாகத் தேய்த்து, மேலே எண்ணெய் தடவி, ஒரு சிட்டிகை உலர் மாவு தூவுங்கள். விசிறி மடிப்பது போல ஒரு முனையிலிருந்து சின்னச் சின்ன மடிப்பாக மடித்து, நீளமான அந்தப் பட்டையை வட்டமாகச் சுருட்டி, முனையை அடியில் செருகுங்கள். மடிப்பு வருவது இதனால்தான்.

இதற்குப் பிறகு பலரும் நேராகத் தேய்க்கப் போய்விடுகிறார்கள். கட்டையை எடுத்ததும் மாவு சுருங்கிப் பழையபடி சின்னதாகும், கோபத்தில் அழுத்தித் தேய்த்தால் மடிப்பெல்லாம் ஒன்றாகிவிடும். சுருட்டிய உருண்டைகளுக்கு மறுபடியும் 20 நிமிட ஓய்வு கட்டாயம். அந்த நேரத்தில் சட்னி, வெங்காய வேலையை முடிக்கலாம். ஓய்வெடுத்த பிறகு மெதுவாக 8 அங்குல வட்டமாகத் தேயுங்கள். அதைவிடச் சின்னதானால் சுருட்ட இடமிருக்காது.

மாவு பிசைய நேரமில்லை என்றால் இரண்டு குறுக்கு வழி. ஒன்று, ஸ்பிரிங் ஹோம், கவான் போன்ற உறைந்த பரோட்டாப் பொட்டலம். இளக விடாமல், உறைந்தபடியே கல்லில் போட வேண்டும். இளகினால் தாளோடு ஒட்டிக்கொண்டு வராது. அதிலேயே கொழுப்பு இருப்பதால் எண்ணெய் வேண்டாம். அளவு சிறியது என்பதால் உள்ளே வைப்பதைக் குறையுங்கள். இரண்டு, அடுக்குமாடி புளோக்குக் கீழே இருக்கும் கடையில் பரோட்டா கோசோங் (உள்ளே எதுவும் வைக்காத வெறும் பரோட்டா) வாங்கிவருவது. “அண்ணே, மொறுமொறுன்னு வேண்டாம், கொஞ்சம் மெத்துன்னு போடுங்க” என்று சொல்லி வாங்குங்கள். முறுகலாக இருந்தால் சுருட்டும்போது நொறுங்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவசர நாளில் நானும் இதைத்தான் செய்கிறேன்.

7. சட்னியும் வெங்காயமும்: ஈரத்தை வெளியே தள்ளுங்கள்

சட்னிக்கு ஒரு கட்டுக் கொத்தமல்லி, அரைக் கட்டுப் புதினா, மிளகாய், எலுமிச்சை, உப்பு, ஒரு கரண்டி தயிர். கழுவிய தழையை உலர்த்திவிட்டு அரையுங்கள். தண்ணீர் விடவே கூடாது. கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்க வேண்டும்.

வெங்காயத்தை மெல்லிய நீளவாக்கில் நறுக்கி, உப்பு, எலுமிச்சைச் சாறு, சாட் மசாலா போட்டுக் கையால் பிசிறி 10 நிமிடம் வையுங்கள். பிறகு கையில் எடுத்து இறுகப் பிழியுங்கள். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். அதைப் பிழியாமல் வைத்தால் அத்தனையும் பரோட்டாவுக்குள்தான் போகும். ரோலின் அடிப்பக்கம் ஊறிக் கிழிவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த வெங்காயம்.

8. கோழி, பரோட்டா, முட்டை: இந்த வரிசையில்

கோழியை முதலில் முடித்துவிடுங்கள். கல் நன்றாகக் காய்ந்த பிறகு, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இரண்டு தவணையாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கல் ஆறி, தயிரும் கோழியும் தண்ணீர் விட்டு, வறுவல் அவியலாகிவிடும். ஒரு பக்கம் கருந்திட்டு விழும்வரை கிளறாமல் விட்டு, பிறகு திருப்புங்கள். காற்றில் பொரிக்கும் ஏர் ஃபிரையர் இருந்தால் 200 டிகிரியில் 12 நிமிடம், புகையும் குறைவு. லைட் குக்கிங் வீட்டில் இது பெரிய உதவி. துண்டின் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் பெரிய துண்டை வெட்டிப் பாருங்கள், சிவப்பு தெரியக்கூடாது. பிறகு சின்னதாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து வையுங்கள்.

கல்லைத் துடைத்துவிட்டு நடுத்தரச் சூட்டில் பரோட்டாவைப் போடுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிடம் உலர்வாகச் சுட்டு, பிறகு ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பொன்னிறமாக்கி வெளியே எடுங்கள். மொறுமொறுப்பு வரும்வரை விடக்கூடாது, மடங்க வேண்டும்.

இப்போது ஒரு முட்டையை உப்புப் போட்டு அடித்து, கல்லில் சில துளி எண்ணெய் விட்டு ஊற்றி, அது இறுகும் முன் பரோட்டாவை அதன் மேல் வைத்து அழுத்துங்கள். அரை நிமிடத்தில் ஒட்டிக்கொள்ளும். திருப்பிப் போட்டுச் சில நொடி விட்டு எடுத்தால் முடிந்தது. முட்டை இரண்டு வேலை செய்கிறது: ருசி ஒன்று, இன்னொன்று உள்ளே இருக்கும் ஈரம் பரோட்டாவைத் தொடாமல் காப்பது. அதனால் முட்டைப் பக்கம்தான் உள்ளே வர வேண்டும்.

9. சுருட்டுவது, பொதிவது

பரோட்டா சூடாக இருக்கும்போதே சுருட்ட வேண்டும். எல்லாவற்றையும் சுட்டு அடுக்கிவிட்டுச் சுருட்டலாம் என்று நினைத்தால் முதலில் சுட்டவை விறைத்துவிடும். ஒன்று சுட்டதும் ஒன்று சுருட்டுங்கள்.

நடுவில் ஒரு கோடாகச் சட்னி, அதன் மேல் மூன்று மேசைக்கரண்டி கோழி, மேலே வெங்காயம், நறுக்கிய மிளகாய். ஆசைப்பட்டு அதிகம் வைத்தால் மூடாது. இறுகச் சுருட்டி, கீழ்ப் பாதியைத் தாளில் சுற்றி, அடியை முறுக்கிவிடுங்கள். சோறு பொட்டலம் கட்டும் பழுப்பு நிற மெழுகுத்தாள் கட்டாகக் கடைகளில் கிடைக்கும், அதுதான் சரியான தாள். அலுமினியத் தாளில் நேரடியாகச் சூட்டோடு சுற்றினால் வியர்த்து ஊறிப்போகும். அது வேண்டுமென்றால் மெழுகுத்தாளுக்கு வெளியே சுற்றுங்கள், இரண்டு நிமிடம் ஆவி போன பிறகு.

பயன்படுத்திய எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய் அடைத்தால் சீர்செய்யும் கட்டணம் உங்கள் முன்வைப்புத் தொகையில்தான் கழியும். காகிதத்தில் ஒற்றி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

10. அலுவலகத்துக்குக் கொண்டுபோவதானால்

சமைத்த உணவை அறைச் சூட்டில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. காலை ஏழரைக்குச் சுருட்டி மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டால் ஐந்து மணி ஆகிவிடும். அதனால் அலுவலகம் போனதும் அங்குள்ள குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். வெங்காயத்தையும் சட்னியையும் சின்ன டப்பாவில் தனியாக எடுத்துப் போய், கோழி ரோலைச் சூடாக்கிய பிறகு உள்ளே வைத்துக்கொள்ளலாம். வாசனை தாங்காமல் எம்ஆர்டியில் பிரித்துவிட வேண்டாம், ரயிலில் சாப்பிட்டால் அபராதம் 500 வெள்ளி வரை போகலாம்.

மீந்த கோழி குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள் தாங்கும். சுருட்டிய ரோலை உறைய வைக்காதீர்கள். அரைவேக்காட்டில் சுட்ட பரோட்டாக்களை இடையில் தாள் வைத்து உறைய வைக்கலாம்.

11. “நல்லா இருக்கே, விற்கலாமே” என்று யாராவது சொன்னால்

கட்டாயம் சொல்வார்கள். உடனே புளோக் வாட்ஸ்அப் குழுவில் விலைப்பட்டியல் போட்டுவிடாதீர்கள். முதலில் உங்கள் அனுமதிச் சீட்டைப் பாருங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வீட்டிலிருந்து சிறு அளவில் உணவு செய்து விற்கலாம். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் பக்கத் தொழிலாக இதைச் செய்யக்கூடாது. சார்ந்திருப்போர் அட்டையில் (டிபெண்டன்ட்ஸ் பாஸ்) வந்திருக்கும் வாழ்க்கைத்துணையும் மனிதவள அமைச்சின் உரிய அனுமதி இல்லாமல் செய்ய முடியாது. “சும்மா பத்து ரோல்தானே” என்பது அங்கே எடுபடாது.

அனுமதி உள்ளவர்களுக்கு நடைமுறை எளிது. வீட்டு அளவிலான உணவுத் தொழிலுக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை, ஆனால் அதன் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டிகளைப் பின்பற்ற வேண்டும். அடிப்படை உணவுப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போய்வருவது நல்லது. வீவக விதிப்படி வாசலில் பலகை மாட்டக்கூடாது, அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு கூடாது. வீட்டுப் பணிப்பெண்ணை உதவிக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. அவருடைய அனுமதிச் சீட்டு வீட்டு வேலைக்கு மட்டும்தான். வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

சொந்த முழுப் பெயரில் தனியாக விற்றால் ஆக்ரா (ACRA) என்ற அரசு ஆணையத்தில் தொழிலைப் பதிய வேண்டியதில்லை. கடைப் பெயர் வைத்தால் பதிய வேண்டும், கட்டணம் பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. வரும் லாபத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். ஹலால் கோழியில் செய்தாலும் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் சான்று இல்லாமல் அந்த முத்திரையைப் போடக்கூடாது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் சமைத்த நேரத்தையும் அதிலிருந்து நான்கு மணி நேரம் கழித்து வரும் நேரத்தையும் பேனாவால் எழுதிக் கொடுங்கள்.